மகன் பார்த்த மூன்று வெளிச்சங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனும் அம்மம்மாவும் பறக்கும் தட்டு, ஆவி, அமானுஷ்யம் என்று தமிழ்க்குரலோடு வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் பார்க்கிறார்கள். போன வாரம் எங்கள் தொடர்மாடியின் பல்கனியில் நின்றவன், கடலுக்கு மேலே மூன்று வெளிச்சங்கள் அசையாமல் நின்றன, பிறகு ஒன்று சட்டென்று மறைந்துவிட்டது என்று ஓடிவந்து சொன்னான். அவனுடைய மாமா சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை பல்கனிப் பக்கமே போவதில்லை. "701 சம்பவங்களுக்கு விளக்கம் இல்லை என்று அமெரிக்க விமானப்படையே ஒப்புக்கொண்டிருக்கிறது" என்று என்னோடு வாதாடுகிறான். நிகழ்ச்சிகளை நிறுத்திவிடட்டுமா? இவையெல்லாம் பொய்தானா?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

தொலைக்காட்சிக்குப் பிறகு வருகிறேன். மாமா சிரித்ததுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மகன் எதையோ பார்த்திருக்கிறான். அது என்னவென்று தெரியாமல் தவிக்கிறான். அந்தத் தவிப்பை மதித்துப் பேசுகிறவர்கள் அந்த நிகழ்ச்சிக்காரர்கள் மட்டும்தான் என்றால், பிள்ளை அவர்கள் பக்கம்தானே போவான்?

ஏறத்தாழ அதே வயதில் எனக்கும் இது நடந்தது. கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலைப் புகையிரதம். கடல் பக்கத்து ஜன்னல். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடலுக்கு மேலே பெரிய வெள்ளை வெளிச்சம் ஒன்று எங்களோடு கூடவே வந்தது. வண்டி நின்றால் நின்றது, ஓடினால் ஓடியது. பம்பலப்பிட்டியில் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து வெளியே வந்தது. இறங்கியவன் வீடுவரை ஓடினேன். அப்பம்மா "முனி" என்று சொல்லித் திருநீறு பூசினார். அண்ணன் சிரித்தான். அப்பா மட்டும் "எத்தனை மணிக்குப் பார்த்தாய்?" என்று கேட்டார்.

மறுநாள் அதே நேரத்துக்கு என்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். தண்டவாளத்தைக் கடந்து பாறைகளில் உட்கார்ந்தோம். முழுதாக இருட்டும் முன்பே அது அங்கே நின்றது. கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்து அளக்கச் சொன்னார். கடல் விளிம்பிலிருந்து இரண்டு முஷ்டி உயரம். இருபது நிமிடம் கழித்து அளந்தபோது ஒன்றரை. நாற்பதாவது நிமிடத்தில் ஒன்று. இறங்க இறங்க நிறம் மஞ்சளாகிச் சிவந்து, துடிக்கத் தொடங்கியது. கடைசியில் நங்கூரமிட்டு நின்ற கப்பலொன்றுக்கு அப்பால் கடலுக்குள் போய்விட்டது. "வெள்ளி" என்றார் அப்பா. "விடியற்காலையில் அப்பம்மா காட்டுவாரே விடிவெள்ளி, அதேதான். சில மாதங்களுக்கு மாலையில் வரும். மரங்கள் கிட்ட இருப்பதால் பின்னால் ஓடுகின்றன. இது வெகு தொலைவில் இருப்பதால் கூடவே வருவதுபோலத் தெரிகிறது." பயம் போன இடத்தில் எனக்குள் ஒரு பெருமிதம் வந்து உட்கார்ந்தது. நான் பார்த்தது ஒரு கோளை!

அப்பா செய்த இந்த எளிய வேலையை உங்கள் வீட்டில் ஓடும் நிகழ்ச்சிகள் செய்வதில்லை. எந்தத் திசை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று கேட்பதில்லை. மறுநாள் அதே இடத்தில் போய் நிற்பதில்லை. ஒரு மனிதர் நடுங்கும் குரலில் சொல்வதை வாங்கி, இசை சேர்த்து, நடிகரை வைத்து நடித்துக் காட்டி, விளம்பர இடைவேளை விடுகிறார்கள். பயந்தவரைப் பயத்தோடு அப்படியே விட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

பறக்கும் தட்டு என்ற சொல்லே இப்படிப் பிறந்ததுதான். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலைப்பக்கம் விமானம் ஓட்டிச் சென்ற கென்னத் ஆர்னல்ட் ஒன்பது பொருள்களைக் கண்டார். தட்டை நீர்மேல் வீசினால் எப்படித் துள்ளித் துள்ளிப் போகும், அப்படிப் போயின என்று அவற்றின் ஓட்டத்தைச் சொன்னார். செய்தித்தாள்கள் அந்தத் 'தட்டை' உருவமாக்கிவிட்டன. இராணுவத்துக்கு அவர் வரைந்து கொடுத்த உருவம் முழுவட்டமே இல்லை. ஆனாலும் அதன்பின் எங்கும் தட்டுகள்தான் தென்பட்டன. முதல் சாட்சியின் சொல்லே அவர் வாயிலிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

உங்கள் மகன் சொன்ன 701 சரியான எண். அதை முதலில் அவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். 1947 முதல் 1969 வரை, இத்தகைய சம்பவங்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் 'ப்ளூ புக்' திட்டத்துக்கு வந்த தகவல்கள் 12,618. மீதி 11,917 பற்றி நிகழ்ச்சியில் என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள். வெள்ளி, எரிகற்கள், பலூன்கள், விமானங்கள் என்று விடை கிடைத்தவை அவற்றில் ஏராளம். அடையாளம் தெரியாதது என்றால் அவ்வளவுதான் பொருள்; வேற்றுலகத்தார் வந்தார்கள் என்று யாரும் அங்கே எழுதிவைக்கவில்லை. அரசு மறைக்கிறது என்ற பேச்சு நம் வீடுகளில் சட்டென்று எடுபடும், அதற்கு நமக்குக் காரணங்களும் உண்டு. பறக்கும் தட்டு விழுந்ததாகப் பேசப்படும் அமெரிக்காவின் ரோஸ்வெல்லில் உண்மையாகவே மறைத்தார்கள். சோவியத் அணுவெடிப்புச் சோதனைகளை ஒட்டுக்கேட்கப் பறக்கவிட்ட இரகசியப் பலூன்களை வானிலைப் பலூன் என்று 1947இல் சொல்லிவிட்டு, 1994இல்தான் விவரம் வெளியிட்டார்கள்.

பேய்க் கதைகளுக்கு நான் நினைத்துக்கொள்பவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து ஆசிரியராக வாழ்ந்தவர். உங்கள் வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் பாமன்கடை ஒழுங்கையில்தான் குடியிருந்தார். அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று சவால் விட்டார்; 1978இல் மறையும்வரை அதை யாரும் வெல்லவில்லை. சவாலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் வேலை செய்த விதம். கூரையில் கல் விழுகிறது, அலுமாரியில் துணி பற்றி எரிகிறது என்று ஆட்கள் வந்தால் அந்த வீட்டுக்கே போவார். வீட்டாரிடம் பொறுமையாகப் பேசுவார். பல வீடுகளில் கல்லுக்குப் பின்னால் சொல்ல முடியாத துயரத்தோடு ஒரு மனிதப் பிறவி இருந்தது. அதைக் கண்டுபிடித்து அந்த மனதுக்கு மருந்து தேடினார். ஆவி என்று முடித்திருந்தால் அந்த ஆளின் துயரம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1980இல் மர்மங்களைப் பற்றிப் பதின்மூன்று பகுதித் தொடரை வழங்கினார். விடை கிடைத்துவிட்டவை, இன்னும் கிடைக்காதவை, அறிவுக்கே எட்டாதவை என்று மர்மங்களைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். அந்த நேர்மை இருந்தால் எந்த மர்மத்தையும் பிள்ளைக்குக் காட்டலாம்.

ஆகவே நிறுத்த வேண்டாம். அம்மம்மாவுக்கும் பேரனுக்கும் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத் துணையைப் பிடுங்காதீர்கள். நீங்களும் கூட உட்காருங்கள். "மணி எத்தனையாம்? எந்தப் பக்கமாம்?" என்று அம்மம்மாவே கேட்கப் பழகட்டும்.

மூன்று வெளிச்சங்களைப் பற்றி: நான் பார்க்கவில்லை, எனவே இன்னதென்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கப்பல்கள், மீன்பிடிப் படகுகளின் விளக்குகள், கட்டுநாயக்காவிலிருந்து கிளம்பித் தெற்கே வரும் விமானங்கள் எல்லாம் அங்கே உண்டு. நம்மை நோக்கி நேராக வரும் விமானத்தின் முன்விளக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். விமானம் திரும்பியதும் அணைந்ததுபோல மறைந்துவிடும். இது ஒரு ஊகம் மட்டுமே.

அவனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஐந்து மாலைகள் அதே நேரத்தில் நீங்களும் அவனோடு பல்கனியில் நில்லுங்கள். மணி, திசை, கடலிலிருந்து எத்தனை முஷ்டி உயரம், நிறம், சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரம் நின்றது என்று அவன் கையாலேயே எழுதட்டும். பல்கனித் தூண் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டால் அசைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் பிடிபடாவிட்டால் கொப்பியோடு அவனை அழைத்து வாருங்கள். வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்துப் பக்கம் அந்தப் பாறைகளில் நானும் வந்து உட்காருகிறேன். மாமாவையும் கூட்டி வாருங்கள்.