கிளைக்குத் தனி டொமைன் கன்ட்ரோலர் வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கிளையில் 15 பேர். தலைமை அலுவலகத்தோடு விபிஎன் இணைப்பு இருக்கிறது. காலையில் லாகின் ஆகவே பல நிமிடம் ஆகிறது. கிளையில் ஒரு டொமைன் கன்ட்ரோலர் வைத்தால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. டொமைன் கன்ட்ரோலர் என்பது நிறுவனத்தின் பயனர், கணினிக் கணக்குகளை வைத்திருந்து லாகினைச் சரிபார்க்கும் சர்வர். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் போக்குவரத்து மிகச் சிறியது, சுமாரான இணைப்பே அதற்குப் போதும். நேரத்தைத் தின்பது அதற்குப் பிறகு வருபவைதான்: குரூப் பாலிசி (கணினிகளுக்கு மையமாக அனுப்பும் அமைப்பு விதிகள்), லாகின் ஸ்கிரிப்ட், ரோமிங் ப்ரொஃபைல் (எந்தக் கணினியில் நுழைந்தாலும் கூடவே வரும் பயனரின் கோப்புகளும் அமைப்புகளும்). ப்ரொஃபைல் கோப்புகள் தலைமை அலுவலகத்து ஃபைல் சர்வரில் இருக்கும்வரை கிளையில் எத்தனை டொமைன் கன்ட்ரோலர் வைத்தாலும் அவை விபிஎன் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸின் கணக்கு டைரக்டரியை நிர்வகிக்கும் 'ஆக்டிவ் டைரக்டரி சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்' பகுதியில் உங்கள் கிளையின் சப்நெட், அதாவது அதன் ஐபி முகவரி வரம்பு, பதிவாகி, சரியான சைட்டோடு (டைரக்டரியில் ஒரு அலுவலக இடத்தைக் குறிக்கும் பெயர்) இணைக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், தான் எந்த சைட்டில் இருக்கிறோம் என்பது கிளைக் கணினிக்குத் தெரியாது. எங்கோ இருக்கும் இன்னொரு கிளையின் டொமைன் கன்ட்ரோலரைக்கூடப் போய்க் கேட்கும். டொமைன் கன்ட்ரோலரின் நெட்லாகான் பதிவுக் கோப்பில் இப்படிச் சைட் தெரியாமல் வந்த கணினிகளின் ஐபி முகவரி வரிசையாக இருக்கும். சப்நெட்டைச் சேர்க்கக் காசு செலவில்லை. புது நெட்வொர்க் போடும்போது ரவுட்டர் பக்கம் பார்ப்பவர் இதை டைரக்டரி பக்கம் பார்ப்பவருக்குச் சொல்லாமல் விடுவதால்தான் பல இடங்களில் இந்தச் சிக்கல் வருகிறது.

கேள்வி: அப்படியென்றால் எப்போதுதான் கிளையில் வைப்பது?

இணைப்பு அறுந்த நேரத்தில் கிளையில் எந்த வேலை தொடர வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். முடிவு அதில்தான் இருக்கிறது, ஆள் எண்ணிக்கை அடுத்த கணக்குதான். மெயில், கணக்கு மென்பொருள் எல்லாம் கிளவுடிலோ தலைமை அலுவலகத்திலோ இருந்தால், இணைப்பு போனதும் வேலை நின்றுவிடும். டொமைன் கன்ட்ரோலர் மட்டும் உயிரோடு இருந்து என்ன பயன்? வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியில் நுழைவதற்கு விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பழைய லாகின் போதும். மாற்றாமல் விட்டால் ஒரு கணினி 10 பேர் வரை நினைவில் வைத்திருக்கும்.

ஆனால் கிளையிலேயே ஃபைல் சர்வர், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் தொழிற்சாலைக் கணினிகள், விண்டோஸ் கணக்கை வைத்து ஆளைச் சரிபார்க்கும் உற்பத்தி மென்பொருள் இருந்தால் தயங்காமல் வையுங்கள். அதில் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை), குளோபல் கேட்டலாக் (எல்லா டொமைன்களின் கணக்குகளையும் தேட உதவும் சுருக்கப் பட்டியல்) இரண்டும் இருக்கட்டும். இருக்கும் டொமைன் ஒன்றே ஒன்றுதான் என்றால் குளோபல் கேட்டலாக்கால் கூடுதல் சுமை கிடையாது.

கேள்வி: எங்கள் கிளையில் பூட்டிய சர்வர் அறை இல்லை. யாரோ ஒருவர் மேசைக்கு அடியில்தான் வைக்க வேண்டும்.

அப்படியானால் சாதாரண டொமைன் கன்ட்ரோலரை அங்கே வைக்கவே வைக்காதீர்கள். அதன் வட்டில் டொமைனில் உள்ள ஒவ்வொருவரின் பாஸ்வேர்ட் ஹேஷும் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) இருக்கிறது. பெட்டியைத் தூக்கிப் போனவர் கையில் நிர்வாக இயக்குநரின் கணக்கும் போகும், டொமைன் நிர்வாகியின் கணக்கும் போகும்.

இதற்காகவே விண்டோஸ் சர்வர் 2008-ல் ஆர்ஓடிசி என்ற படிக்க மட்டுமேயான டொமைன் கன்ட்ரோலர் வந்தது. நீங்கள் அனுமதித்த கணக்குகளின் பாஸ்வேர்டை மட்டுமே அது வைத்துக்கொள்ளும். அதில் எதையாவது மாற்றினாலும் மாற்றம் மற்ற சர்வர்களுக்குப் பரவாது. டொமைன் நிர்வாகி உரிமை தராமலே கிளை ஊழியர் ஒருவரை அதைப் பராமரிக்க வைக்கலாம். பெட்டி திருடு போனால், தலைமை அலுவலகத்தில் அதன் கணக்கை நீக்குங்கள். அதில் பதிந்திருந்த பாஸ்வேர்டுகளை ரீசெட் செய்யவா என்று நீக்கும் கருவியே கேட்கும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அனுமதிப் பட்டியலில் ஊழியர்களைச் சேர்ப்பார்கள், அவர்களுடைய கணினிக் கணக்குகளைச் சேர்க்க மாட்டார்கள். இரண்டும் ஆர்ஓடிசியில் இல்லையென்றால் இணைப்பு அறுந்த அன்று அதனால் லாகின் தர முடியாது. இரண்டையும் சேர்த்து, பாஸ்வேர்டுகளை முன்கூட்டியே அதில் இறக்கி வையுங்கள். அப்புறம் ஒருநாள் மாலை நீங்களே இணைப்பைத் துண்டித்துச் சோதியுங்கள். இன்னொன்று: மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் ஆர்ஓடிசியைப் பயன்படுத்தாது.

கேள்வி: வேலையை விட்டுப் போனவரின் கணக்கைத் தலைமை அலுவலகத்தில் முடக்கினோம். இரண்டு மணி நேரம் கழித்தும் கிளையில் லாகின் செய்திருக்கிறார்!

இரு இடங்களின் டொமைன் கன்ட்ரோலர்கள் மாற்றங்களை ஒன்றுக்கொன்று அனுப்பும் (ரெப்ளிகேஷன்) சைட் லிங்க்கின் இடைவெளி மாற்றப்படாமல் 180 நிமிடத்திலேயே இருந்திருக்கும். 15 நிமிடம் வரை குறைக்கலாம். இன்றைய இணைப்புகளுக்கு அது பாரமே இல்லை. பாஸ்வேர்ட் மாற்றம் மட்டும் உடனே வேலை செய்கிறதே என்று தோன்றலாம். கிளையில் பாஸ்வேர்ட் பொருந்தாவிட்டால், மறுப்பதற்கு முன் டொமைன் கன்ட்ரோலர் பிடிசி எமுலேட்டரை (பாஸ்வேர்ட் மாற்றங்கள் முதலில் போய்ச் சேரும் டொமைன் கன்ட்ரோலர்) ஒருமுறை கேட்டுப் பார்க்கும். முடக்கத்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஆகவே முடக்கிய கையோடு கிளைக்கு ரெப்ளிகேஷனையும் நீங்களே தட்டிவிடுங்கள்.

கேள்வி: மூடியிருந்த கிளையை எட்டு மாதம் கழித்துத் திறக்கிறோம். அங்கே இருந்த டொமைன் கன்ட்ரோலரை அப்படியே ஆன் செய்யலாமா?

வேண்டாம். நீக்கப்பட்ட பொருள்களின் தடயம் வழக்கமாக 180 நாள்தான் டைரக்டரியில் இருக்கும். விண்டோஸ் 2000 காலத்தில் தொடங்கிய டொமைனாக இருந்தால் அது இன்னும் 60 நாளாகவே இருக்கலாம். அந்தக் கெடு தாண்டிய சர்வருக்கு எதெல்லாம் நீக்கப்பட்டது என்று தெரிய வழியில்லை. நீங்கள் என்றோ அழித்த கணக்குகள் அதில் இன்னும் உயிரோடு இருக்கும். நெட்வொர்க்கில் இணைக்காமலே வட்டை அழித்துப் புதிதாக நிறுவுங்கள். அதற்கு முன் தலைமை அலுவலகத்தில் அதன் பழைய கணக்கை நீக்கி, டிஎன்எஸ்ஸில் அதன் பெயரில் மிச்சமிருக்கும் பதிவுகளையும் துடைத்துவிடுங்கள்.