போதை மாத்திரையைப் போலீஸ் பார்த்துக்கொள்ளாதா? சுகாதாரத் துறைக்கு அதில் என்ன வேலை?

கேட்டவர் வீட்டில் யாரும் இந்த மாத்திரையில் சிக்கவில்லை என்று நினைக்கிறேன். சிக்கியிருந்தால் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும்.

வேலூரை அடுத்த காட்பாடிப் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். "நீங்கள்தானே விற்கிறீர்கள்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: விற்கிற கடைகளும் உண்டு, மறுக்கவில்லை. என் கடையிலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் டபென்டடால் என்ற வலி மாத்திரை ஓர் அட்டைகூட வெளியே போனதில்லை. 2018இல் டிரமடால் என்ற இன்னொரு வலி மருந்தைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பையன்கள் டபென்டடால் பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள்.

அப்படிக் கேட்டு, நான் இல்லை என்று அனுப்பிய ஒரு பையன் இரவில் வந்து கடைக் கண்ணாடியை உடைத்தான். புகார் கொடுத்தேன், பிடித்துப் போனார்கள். மறுநாள் அவன் அம்மா வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். "அண்ணா, உள்ளே வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறான். கை கால் குடைகிறது என்று கத்துகிறானாம். ஏதாவது மாத்திரை கொடுங்கள்" என்றார். பழகிய மருந்து நின்றதும் உடம்பு படும் பாடு அது. மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் அதற்கு மாற்றாகப் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதை லாக்கப்பில் யார் செய்வார்கள்? சில வாரம் உள்ளே இருந்துவிட்டு வருபவனுக்குத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். மாத்திரையைப் பழைய அளவிலேயே கரைத்து ஊசியில் ஏற்றினால் மூச்சு அடங்கிவிடும். இது போலீஸ் வேலையா, சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை எழுதிக் கொடுத்து, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

வழிகாட்ட ஆள் இல்லாத ஊரும் இல்லை இது. 1986இல் சென்னையில் எடுத்த ரத்தத்தில் எச்ஐவி இருப்பது தெரியவந்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில்தான். அங்கே இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான், அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் தனியார் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு, என்ன நோய் வருகிறது என்று அஞ்சலட்டையில் எழுதிப் போடவைத்தார். போதை மாத்திரைப் பாதிப்பை எழுதிப் போட அப்படி ஓர் அஞ்சலட்டை எங்கே? பிடிபட்ட மாத்திரையை எண்ணிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஊசி குத்திய இடத்தில் சீழ்க்கட்டியோடு வருபவனை, ஊசியைப் பகிர்ந்து ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோயை வாங்கியவனை யார் எண்ணுகிறார்கள்? சிரிஞ்ச் கேட்டு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எந்தச் சுகாதார அதிகாரியும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. 2019இல் வெளிவந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பு, ஓபியாய்டு (அபின் வகை மருந்து, போதைப்பொருள்) பழக்கத்தால் உதவி தேவைப்படுவோர் நாட்டில் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என்றது. அதில் எங்கள் தெரு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

கெடுபிடிக்குப் பயந்து, தெரிந்த கடைக்காரர்கள் சிலர் வலி மாத்திரை வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். புற்றுநோய்க்காரர் வீட்டார் சீட்டோடு கடை கடையாக அலைகிறார்கள்.