ரோம் நகரின் நீரூற்றுகள்: கேட்டவையும் சொன்னவையும்

ஐயா, மோட்டார் இல்லாத காலத்தில் ரோமில் நீரூற்றுகள் எப்படி ஓடின?

வாட்டம்தான். மொட்டை மாடியில் தளம் போடும்போது கொத்தனார் தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாட்டம் வைப்பாரே, அதேதான். ஊருக்கு வெளியே உயரத்தில் இருக்கும் சுனையிலிருந்து கால்வாய் லேசாகச் சரிந்துகொண்டே வரும். வந்து சேரும் மட்டத்தைத் தாண்டித் தண்ணீர் எழும்பாது. ரோமில் எந்த நீரூற்றைப் பார்த்தாலும் இதை மனதில் வையுங்கள்.

டிரெவி நீரூற்றுக்கும் அந்த வளைவு வளைவான பாலத்தில்தான் தண்ணீர் வந்ததா?

பெரும்பாலும் இல்லை. அதற்கு வருவது கி.மு. 19-இல் ரோமத் தளபதி அக்ரிப்பா கட்டிய விர்கோ கால்வாய். சுமார் 20 கி.மீ. நீளம், கிட்டத்தட்ட முழுவதும் மண்ணுக்கு அடியில். மொத்த இறக்கம் நாலைந்து மீட்டர்தான்! அவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு நுணுக்கமாக மட்டம் பிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

கி.பி. 537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் கால்வாய்களை உடைத்துத் தண்ணீரை நிறுத்தினார்கள். அப்புறம் வறண்ட கால்வாய் ஒன்றுக்குள் தீப்பந்தத்தோடு நடந்து நகருக்குள் நுழையப் பார்த்தார்கள். அது விர்கோதான் என்பார்கள். மேலே ஒரு துவாரத்தில் வெளிச்சம் தெரிய, ஓநாயின் கண்ணாக இருக்கும் என்று காவலர்கள் விட்டுவிட்டார்களாம். நல்லவேளை, நகரைக் காத்த தளபதி பெலிசாரியஸ் முன்பே உள்ளே சுவர் எழுப்பி அடைத்திருந்தார்.

டிரெவியின் சிற்ப முகப்பு மிகவும் பிந்தியது. 1732-இல் கட்டடக் கலைஞர் சால்வி தொடங்கினார். 1751-இல் அவர் இறந்தார். வேலை முடிந்தது 1762-இல்.

ஸ்பெயின் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் கல் படகு ஏன் பள்ளத்தில் கிடக்கிறது? யாரோ தப்பாகக் கட்டிவிட்டார்களா?

தப்பே இல்லை, அதுதான் சாமர்த்தியம். அங்கும் விர்கோ தண்ணீர்தான், அழுத்தம் ரொம்பக் குறைவு. உயரப் பீய்ச்ச வழியில்லை. அதனால் 1620களின் கடைசியில் சிற்பி பியெத்ரோ பெர்னினி, பாதி மூழ்கி ஒழுகும் படகு ஒன்றைத் தரைமட்டத்துக்குக் கீழே வைத்தார். ஒழுகும் படகுக்கு அழுத்தம் எதற்கு? என்னைக் கேட்டால் டிரெவியை விட இதுவே அழகு.

அப்படியானால் ஜனிக்குலம் குன்றின் மேல் அவ்வளவு தண்ணீர் கொட்டுகிறதே?

அது வேறு தண்ணீர். கி.பி. 109-இல் பேரரசர் டிராஜன், பிராச்சியானோ ஏரிப் பக்கத்துச் சுனைகளிலிருந்து கொண்டுவந்த கால்வாய் பின்னாளில் பாழானது. போப் ஐந்தாம் பால் அதைச் சீரமைத்து 1612-இல் அங்கே நீரூற்றைத் திறந்தார். உயரத்தில் வந்து சேரும் தண்ணீர், அதனால் தாராளம்.

நவோனா சதுக்கத்தில் நம் கங்கை சிலை இருப்பது உண்மையா சார்?

உண்மை. 1651-இல் ஜியான் லொரென்சோ பெர்னினி (படகு செய்தவரின் மகன்) முடித்த நான்கு நதிகள் நீரூற்றில் கங்கை ஓர் ஆண்! படகு ஓடும் ஆறு என்று காட்டக் கையில் துடுப்பு. நடுவில் வானுயர நிற்பது வெறும் கல் தூண்தான். தண்ணீர் என்னவோ அடிப்பாறையில்தான் ஓடுகிறது. ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

டிரெவியில் தண்ணீர் குடிக்கலாமா?

வேண்டாம். பம்பு வைத்துச் சுற்றிச் சுற்றி விடும் தண்ணீர், காசு வேறு கிடக்கிறது. தெருவோரம் மூக்கு மாதிரி குழாய் வைத்த இரும்புத் தூண்கள் இருக்கும், அதில் குடியுங்கள். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து எழும். சட்டை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.