வாசகர் கேள்வி – பதில்: பல்லாங்குழி குணத்தை வளர்க்குமா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் என் ஒன்பது வயது மகன் பாட்டியோடு பல்லாங்குழி ஆடுகிறான். என் மாமியார் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கிறார். கைப்பேசி விளையாட்டில் தோற்றாலோ, அவன் வீட்டையே இரண்டாக்கிவிடுகிறான். பழைய விளையாட்டுகள் நற்குணத்தை வளர்க்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: சகோதரி, பழையது என்பதாலேயே ஒரு விளையாட்டு நற்குணத்தைத் தந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வெல்ல விரும்புகிறவனை அது என்ன செய்யவைக்கிறது என்று பார்க்கவேண்டும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் ஏணி புண்ணியத்தையும் பாம்பு பாவத்தையும் குறிக்கும். ஆனால் ஏறுவதும் சறுக்குவதும் தாயக்கட்டை விழுவதைப் பொறுத்தவை, ஆடுபவரின் ஒழுக்கத்தைப் பொறுத்தவை அல்ல. படம் அறத்தைப் பேச, கட்டை ஊழைப் பேசுகிறது. ஆகவே பிள்ளை அங்கே பழகுவது, உச்சிக்கு அருகே பாம்பின் வாயில் விழுந்த பிறகும் எழுந்து போய்விடாமல் தன் முறைக்காகக் காத்திருப்பதைத்தான்.

பல்லாங்குழியில், கையில் அள்ளிய முத்துகளை, அதாவது புளியங்கொட்டைகளை, எதிராளியின் குழிகளிலும் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லவேண்டும். மலாய்க்காரர்களின் சொங்காக்கிலும் ஏறத்தாழ இதே முறைதான். இது பகிர்ந்துகொள்ளும் பண்பைக் கற்பிக்கிறது என்று மேடைகளில் முழங்குவோர் அடுத்து நடப்பதைச் சொல்வதில்லை. முத்துக் குறைந்தவரின் குழிகள் சில அடுத்த ஆட்டத்தில் வெறுமையாகவே கிடக்கும். இருப்பவருக்கே மேலும் சேரும்.

உருவாக்கியவரின் நல்லெண்ணமும் போதாது. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி, நிலவுடைமையாளர்கள் வாடகையால் கொழுப்பதன் தீங்கைக் காட்டவே ஒரு பலகை விளையாட்டை அமைத்து 1904இல் காப்புரிமை பெற்றார். ஒருவரின் ஆதாயத்தில் அனைவரும் பயன்பெறும் விதிமுறை ஒன்று, ஒருவரே அனைத்தையும் சுருட்டிக்கொள்ளும் விதிமுறை மற்றொன்று என இரண்டை அவர் வகுத்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட மோனோபோலியில் எஞ்சியது இரண்டாவது மட்டுமே. நம் பிள்ளைகள் ஆடும் மலேசியப் பலகை விளையாட்டான சைடினாவும் அந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் வீட்டுச் சிக்கல் பலகையில் இல்லை, பாட்டியின் பாசத்தில் இருக்கிறது. கைப்பேசி யாருக்கும் விட்டுக்கொடுக்காது; தோற்றுப் பழகாத பிள்ளை அதனிடம் முதன்முறையாகத் தோற்கும்போது கத்தத்தான் செய்வான். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பேரனுக்குச் சலுகை தந்தே ஆகவேண்டும் என்றால், தொடங்கும்போதே பத்து முத்துகளை வெளிப்படையாகக் கூடுதலாகத் தரட்டும். ஆனால் ஆட்டத்தின் நடுவே தன் குழியில் நான்கு முத்துகள் சேர்ந்து ‘பசு’ ஆனதை அவன் எடுக்க மறந்தால், அவர் நினைவூட்டவேண்டாம்.