ஏ.எஸ். நோயாளிக்குப் போடும் மார்க்குகள்: கேள்வி பதில்

ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து இறுகும் வாதநோய், சுருக்கமாக ஏ.எஸ்., உள்ளவர்களிடம் கிளினிக்கில் நிரப்பச் சொல்லும் படிவங்கள், டேப்பில் எடுக்கும் அளவுகள் பற்றி வந்த கேள்விகள் இவை. வாதநோய்ப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருப்பவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆறு கேள்விக்கு 0-லேர்ந்து 10 வரைக்கும் மார்க் போடச் சொன்னாங்க. எனக்கு 4.2 வந்துச்சு. இது பாஸா, ஃபெயிலா சார்?

அந்தப் படிவத்துக்குப் பெயர் பாஸ்டாய். 1994-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் உருவாக்கினார்கள். போன ஒரு வாரத்து நிலைமையை மட்டும்தான் கேட்கும்: அசதி, கழுத்து-முதுகு-இடுப்பு வலி, மற்ற மூட்டுகளில் வலி அல்லது வீக்கம், தொட்டால் வலிக்கும் இடங்கள், காலை இறுக்கம் எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம். கடைசி இரண்டுக்கும் சராசரி எடுத்து, அதை முதல் நான்கோடு கூட்டி ஐந்தால் வகுக்க வேண்டும். உதாரணமாக 6, 5, 2, 3, பிறகு இறுக்கத்துக்கு 6-உம் 4-உம் போட்டால், அதன் சராசரி 5. மொத்தம் 21, ஐந்தால் வகுத்தால் உங்கள் 4.2.

4-ஐத் தொட்டாலே நோய் அடங்கவில்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் 4.2-ஐத் தனியாகப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போன தடவை 7 இருந்திருந்தால் இது நல்ல செய்தி, 2 இருந்திருந்தால் யோசிக்க வேண்டிய செய்தி. பழைய மார்க்குகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: சி.ஆர்.பி. நார்மல். ஆனா வலி உயிரை வாங்குது. வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

நம்பச் சொல்லுங்கள் அம்மா. சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை; ஏ.எஸ். உள்ள பலருக்கு அது ஏறுவதே இல்லை. அதே சமயம், பாஸ்டாய் முழுக்க நீங்கள் சொல்வதை வைத்தே கணக்குப் போடுகிறது. ஃபைப்ரோமயால்ஜியா மாதிரி வேறொரு வலி கூட இருந்தாலும் அந்த மார்க் ஏறிவிடும். இதற்காகத்தான் ஆஸ்டாஸ் என்ற அளவு வந்தது. முதுகுவலி, காலை இறுக்கத்தின் நேரம், மூட்டு வலி-வீக்கம், உங்கள் ஒட்டுமொத்த மதிப்பீடு, இவற்றோடு சி.ஆர்.பி.யையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 1.3-க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 2.1-க்குக் கீழே என்றால் குறைவு, 3.5 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். இரண்டு விசிட்டுக்கு நடுவே 1.1 குறைந்தால்தான் உண்மையான முன்னேற்றம். டாக்டரிடம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: "சாக்ஸ் மாட்ட முடியுதா"ன்னு ஒரு கேள்வி. நான் வேட்டி, செருப்பு. என்னத்த போடுறது?

அது பாஸ்ஃபி, அன்றாட வேலைத்திறனுக்கான பத்துக் கேள்வி. இதுவும் பாத் ஊர்ச் சரக்குதான். கேள்வி சாக்ஸைப் பற்றியது அல்ல, குனிந்து பாதத்தை எட்ட முடிகிறதா என்பதைப் பற்றியது. கீழே விழுந்த பேனாவை எடுப்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, உடம்பைத் திருப்பாமல் தோளுக்கு மேல் பின்னால் பார்ப்பது எல்லாமே அப்படித்தான்.

இதில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: "உதவியில்லாமல்" என்ற சொல். மனைவி தினமும் குனிந்து எடுத்துக் கொடுக்கிறார், அதனால் சிரமமே இல்லை என்று 0 போட்டுவிடுவார்கள் நம் ஆண்கள். அவர் ஊருக்குப் போயிருந்தால் எப்படி என்று யோசித்துப் போடுங்கள். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவது, பந்தியில் சம்மணம் போடுவது எல்லாம் இந்தப் பத்தில் இல்லை. அவற்றை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: முதுகுல பேனாவால கோடு போட்டு டேப் வெச்சு அளக்கிறீங்களே, அதை வீட்லயே பண்ணலாமா?

கீழ்முதுகு எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் ஸ்கோபர் அளவைக் கேட்கிறீர்கள். இடுப்புக் குழிகளின் மட்டத்தில் ஒரு புள்ளி, 10 செ.மீ. மேலே இன்னொன்று. முழங்கால் மடங்காமல் குனியும்போது அது 15 செ.மீ. வரையாவது நீள வேண்டும். புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனாலும் கணக்கு மாறும், அதனால் வீட்டில் வேண்டாம். சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நின்று, மோவாயைத் தூக்காமல் பின்தலை சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள், அது போதும். எப்போதும் ஒரே நேரத்தில் பாருங்கள், காலையில் இறுக்கம் கூடுதலாகத்தான் இருக்கும்.

கேள்வி: மூச்சை இழுக்கச் சொல்லி மார்பை ஏன் அளக்கிறார்கள்?

விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகளையும் இந்த நோய் பிடிக்கும். அவை இறுகினால் மார்பு விரிவது குறையும், அதைப் பார்க்கத்தான்.

கேள்வி: எல்லாம் வலி, வளைவு பத்தியே கேக்குறாங்க. தூக்கம் கெட்டு, வேலையும் போச்சே, அதுக்கு மார்க் கிடையாதா?

இருக்கிறது. ஆசாஸ் ஹெல்த் இன்டெக்ஸ் என்று பெயர். பதினேழு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. இரவில் தூக்கம் கெடுகிறதா, எதிலும் மனம் ஊன்றவில்லையா, தலைக்குக் குளிக்கச் சிரமமா, மனிதர்களோடு பழகக் கஷ்டமா, நோயால் பணநிலை மாறியதா, தாம்பத்திய ஆசை போய்விட்டதா என்று வரும். ஒவ்வொரு ஆமுக்கும் ஒரு மார்க். 5 வரை நலம், 12-ஐ எட்டினால் மோசம். என்னைக் கேட்டால், மற்றப் படிவங்களைவிட இதுதான் நோயாளியின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது. முதுகு நன்றாக வளைந்தும் இதில் 10 வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு உடற்பயிற்சி மட்டும் போதாது என்று எனக்கே அப்போதுதான் புரியும்.

மாமியாரையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை நிரப்பாதீர்கள். தாம்பத்தியக் கேள்வி வந்ததும் எல்லோரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். பொருந்தாது என்று குறிக்க அங்கே இடம் உண்டு, ஆனால் பொருந்தினால் உள்ளதை உள்ளபடி டிக் செய்யுங்கள்.