ரிமோட்டில் அணைத்த டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றைச் சுவர் சுவிட்சிலும் அணைத்தால் மின்சாரம் உண்மையாகவே மிச்சமாகுமா?

மிச்சமாகும். ஆனால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் ஒரே அளவில் மிச்சமாகாது. நம்மில் பலர் கண்ணும் கருத்துமாகச் செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைக்கிறோம். அதில் மிச்சமாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கணிசமாக இழுக்கும் செட்டாப் பாக்ஸும் ஏசி ஸ்டெபிலைசரும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

கணக்கு எளிமையானது. ஒரு வாட் இழுக்கும் கருவி ஆண்டு முழுவதும் இணைப்பிலேயே இருந்தால் 8.76 யூனிட் செலவாகும். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த சார்ஜர்களுக்குள் இரும்பு உள்ளகம் கொண்ட சிறிய மின்மாற்றி இருந்தது. போனை மாட்டாவிட்டாலும் அது சூடாகவே இருக்கும், ஒன்றிரண்டு வாட் வீணாகும். ‘எல்லாவற்றையும் பிடுங்கி வையுங்கள்’ என்ற அறிவுரை அந்தக் காலத்துக்கு முற்றிலும் பொருந்தியது. 1999இல் பன்னாட்டு எரிசக்தி முகமை, எந்தக் கருவியும் காத்திருப்பு நிலையில், அதாவது அணைத்தும் இணைப்பில் இருக்கும் நிலையில், ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கி 2010இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2013இல் அரை வாட்டாகவும் குறைத்தது. உற்பத்தியாளர்கள் பல நாடுகளுக்கும் ஒரே வடிவமைப்பில் கருவிகளைத் தயாரிப்பதால், அந்தச் சட்டத்தின் பயன் நம் வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது. இன்றைய சார்ஜர் போன் மாட்டாத நிலையில் ஏறத்தாழ 0.1 வாட் இழுக்கிறது, அதாவது ஆண்டுக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. புதிய எல்இடி டிவி அரை வாட் அளவில் நிற்கிறது. கோடிக்கணக்கான வீடுகளில் தனி மனிதப் பழக்கத்தால் சாதிக்க முடியாததை ஒரு விதி சாதித்திருக்கிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்மார்ட் டிவியில் ‘விரைவுத் தொடக்கம்’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் மட்டும் இந்த அரை வாட் பல மடங்காகிவிடும். அதை நிறுத்தி வைப்பது நல்லது.

செட்டாப் பாக்ஸின் கதை வேறு. ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தும்போது டிவிக்குப் போகும் படமும் ஒலியும்தான் நிற்கின்றன. உள்ளே இருக்கும் அலைவாங்கி, சந்தா அனுமதியைச் சரிபார்க்கும் பகுதி, நிகழ்ச்சிப் பட்டியலைப் புதுப்பிக்கும் மென்பொருள் ஆகியவை பல பெட்டிகளில் முன்போலவே வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் பெட்டி ஓடும்போது இழுக்கும் மின்சாரத்துக்கும் ‘அணைந்திருக்கும்போது’ இழுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. காலையில் யாரும் டிவி பார்க்காத நேரத்தில் பெட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். அந்த இளஞ்சூடு முழுவதும் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய மின்சாரம். ஏசியின் ஸ்டெபிலைசரும் அப்படித்தான். ஏசி ஓடாத மாதங்களிலும் அதன் சுவிட்ச் போட்டபடியே இருந்தால் உள்ளே இருக்கும் மின்மாற்றி இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஊகத்தில் பேசுவதைவிட அளந்து பார்ப்பது நல்லது, அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. மின்வாரிய மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்; ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் அது 3200. அப்படியானால் இரண்டு மினுக்கலுக்கு இடைப்பட்ட வினாடிகளால் 1125ஐ வகுத்தால் அந்த நேரத்து வாட் கிடைத்துவிடும். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், விசிறி, விளக்கு எல்லாவற்றையும் சற்று நேரம் நிறுத்திவிட்டுப் பார்த்தபோது விளக்கு 40 வினாடிக்கு ஒருமுறை மினுக்கியது, அதாவது 28 வாட். செட்டாப் பாக்ஸை அணைத்ததும் இடைவெளி 62 வினாடியாக நீண்டது. ஸ்டெபிலைசரையும் அணைத்தபோது 94 வினாடி. மீதமிருந்த 12 வாட்டில் பெரும்பகுதி வைஃபை ரவுட்டருடையது. (சுமை மிகவும் குறைந்தால் மீட்டர் அதைப் பதிவு செய்யாமலும் போகலாம் என்பதால், ஒரு சார்ஜரை மட்டும் இம்முறையில் அளக்க இயலாது.)

ஆக, அந்த இரண்டு சுவிட்சுகளால் 16 வாட் குறைந்தது. நாளுக்கு 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 19 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமான முதல் 100 யூனிட்டுக்குள் முடிந்துவிடும் வீட்டுக்கு இதனால் பணத்தில் ஒன்றும் மாறாது. 500ஐ ஒட்டி நிற்கும் வீட்டுக்கோ இது பெரிய செய்தி, ஏனென்றால் 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான சலுகை வீதமே போய்விடுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 515 யூனிட்டுக்கு 2070 ரூபாய். 496 யூனிட்டுக்கு 1701 ரூபாய். அதன் பின் வீதங்கள் ஓரளவு ஏறியிருக்கின்றன என்றாலும், எல்லையில் நிற்பவருக்கு 19 யூனிட் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த 369 ரூபாய் வேறுபாடே காட்டும்.

அதே வேளையில், 75 வாட் இழுக்கும் பழைய விசிறி ஒன்றை 35 வாட்டுக்குள் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட) விசிறியாக மாற்றினால், நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் அறையில் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் மிச்சமாகும், அதாவது மேலே சொன்ன இரண்டு சுவிட்சுகளும் சேர்ந்து தருவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பணம் போட முடிந்தவர்கள் விசிறியில் தொடங்கட்டும். செலவே இல்லாமல் தொடங்க விரும்புபவர்கள் டிவியையும் செட்டாப் பாக்ஸையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, படுக்கப் போகுமுன் அதன் சுவிட்சை அணைத்தால் போதும்.

சிலவற்றைச் சுவர் சுவிட்சில் அணைக்கக்கூடாது. இன்வெர்ட்டரை அணைத்தால் பேட்டரிக்கு மின்னேற்றம் நின்றுவிடும். இங்க்ஜெட் பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானில் அணைத்த பிறகே சுவரில் அணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அச்சுமுனை மூடப்படாமல் மை உலர்ந்துவிடும். ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள், ரிமோட்டில் அணைத்த பின் அது திரையைச் சீர்செய்யும் வேலையைச் செய்வதால், உடனே சுவர் சுவிட்சைத் தட்டாமல் கையேட்டில் சொல்லியபடி சிறிது நேரம் விட்டு அணைப்பது நல்லது.