பண்ணைக் கட்டடங்கள்: வாசகர் கேள்வி–பதில்

இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்களின் பண்ணைகளில் எஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அங்குள்ள பழைய களஞ்சியங்களில் நீண்ட சுவர்கள் இரண்டிலும் எதிரெதிராக மிக உயரமான கதவுகள் இருக்கின்றன. வண்டி நுழைவதற்காகவா இவ்வளவு உயரம்?

பதில்: உயரத்துக்கு வண்டிதான் காரணம், ஆனால் கதவுகள் எதிரெதிராக அமைந்ததற்கு வேறு காரணமும் உண்டு. கதிர்க்கட்டுகளைக் குவித்து ஏற்றிய வண்டியை ஒரு கதவின் வழியாக உள்ளே ஓட்டி வந்து, இருபுறமும் கட்டுகளை இறக்கி அடுக்கிவிட்டு, வெறும் வண்டியை மறு கதவின் வழியாக வெளியே கொண்டுபோவார்கள். ஆகவே பல களஞ்சியங்களில் நுழைவுக் கதவு உயரமாகவும் வெளியேறும் கதவு தாழ்வாகவும் இருப்பதைக் காணலாம். அறுவடை முடிந்த பின்பு இந்தக் கதவுகளுக்கு இன்னொரு வேலை இருந்தது. அவற்றுக்கு இடைப்பட்ட தரைதான் கதிரடிக்கும் களம். ஓக் பலகையாலோ, கல்லாலோ, இறுகத் திமிசு போட்ட மண்ணாலோ அதை அமைத்தார்கள். குளிர்காலம் முழுவதும் ஆட்கள் அங்கே நின்று, தோல்வாரால் பிணைத்த இரட்டைத் தடியைச் சுழற்றிக் கதிரடித்தார்கள். பிறகு இரு கதவுகளையும் திறந்து வைத்துத் தூற்றினால், குறுக்கே வீசும் காற்று பதரை அடித்துக்கொண்டு போய்விடும், கனத்த மணி தரையிலேயே விழும். நிலைக்கால்களின் அடிப்பகுதியில் செங்குத்தான காடி வெட்டியிருந்தால் அதைக் கவனித்துப் பாருங்கள். அதில் குறுக்குப் பலகையைச் செருகி, தெறிக்கும் தானியம் வெளியே போகாமலும் கோழியும் பன்றியும் உள்ளே வராமலும் தடுத்தார்கள்.

இவ்வகைக் கட்டடங்களில் நான் மிக உயர்வாக மதிப்பது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம். பியூலி மடத்தைச் சேர்ந்த சிஸ்டெர்சியன் என்ற கிறித்தவத் துறவிகளின் பண்ணைக்காக 13 ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த அந்தக் கட்டடம் சுமார் 46 மீட்டர் நீளமுடையது. உள்ளே இரண்டு வரிசையாக நிற்கும் ஓக் தூண்கள் தரையைத் தொடுவதில்லை. ஒவ்வொன்றும் ஓர் ஆளை விட உயரமான கல் பீடத்தின் மீது அமர்ந்திருக்கிறது. தரையின் ஈரம் மரத்தின் அடியில் ஏறவில்லை, வண்டிச் சக்கரமும் தூணில் மோதவில்லை. கற்பலகை வேய்ந்த அத்தனை பெரிய கூரையின் பாரத்தையும் அந்த மரச்சட்டங்கள் எழுநூறு ஆண்டுகளாகத் தாங்கி நிற்கின்றன.

கேள்வி: சுவர்களில் அம்பு எய்வதற்கான துளைகளைப் போல ஒடுங்கிய பிளவுகள் இருக்கின்றனவே, அவை பாதுகாப்புக்காகவா?

பதில்: இல்லை. அவை காற்றுக்கானவை. ஈரத்தோடு அடுக்கிய கதிர்க்கட்டு வெதும்பிக் கெட்டுப்போகும் என்பதால் காற்று உலவ வேண்டியிருந்தது. வெளியே ஒடுங்கியும் உள்ளே விரிந்தும் இருப்பதால் மழைச்சாரல் அதிகம் புகாது. முகப்புச் சுவரின் உச்சியில் தனியாக ஒரு துளை இருந்தால், எலி பிடிக்கும் ஆந்தை வந்து போவதற்காக விட்ட வழி அது.

கேள்வி: பண்ணை முற்றத்தைச் சுற்றிக் கட்டடங்களை நிறுத்தியதில் ஏதேனும் ஒழுங்கு உண்டா?

பதில்: நல்ல பண்ணைகளில் உண்டு. உயரமான களஞ்சியம் வாடைக்காற்றை மறைக்கும்படி முற்றத்தின் வடக்கே நிற்கும். மாடுகள் ஒதுங்கும் கொட்டகை தெற்கு வெயிலை நோக்கித் திறந்திருக்கும். களத்தில் அடித்த வைக்கோல் முற்றத்தில் மாட்டுக்குப் படுக்கையாகி, எருவாகி, மீண்டும் வயலுக்குப் போகும். வண்டிக் கொட்டகை முற்றத்துக்கு முதுகைக் காட்டிப் பாதையை நோக்கி நிற்பது வழக்கம். அதன் மேல்தளமே பல இடங்களில் தானிய அறை. தனியாகக் கட்டிய தானிய அறையாக இருந்தால், குடைக்காளான் வடிவக் கற்கால்களின் மேல் நிற்கும். மேலே கவிந்திருக்கும் கல்லைத் தாண்டி எலியால் ஏற முடியாது.

கேள்வி: பிரபுக்கள் தொழுவத்துக்கும் லாயத்துக்கும் கட்டடக்கலைஞர்களை அமர்த்திப் பெரும் பணம் செலவிட்டது ஏன்? வெறும் பகட்டா?

பதில்: பகட்டும் இருந்தது. கம்பர்லாந்தின் கிரேஸ்டோக்கில் 11 ஆம் நார்ஃபோக் பிரபு தம் பண்ணை வீடுகளைக் கோட்டை வடிவில் கட்டி, அமெரிக்க விடுதலைப் போரை நினைவுபடுத்தும் வகையில் ஃபோர்ட் புட்னம், பங்கர்ஸ் ஹில் எனப் பெயர் சூட்டினார். விண்ட்சரில் இளவரசர் ஆல்பர்ட் காலத்தில், 1858 இல் முடிந்த அரச பால் அறையின், மின்டன் என்ற பீங்கான் நிறுவனத்தின் ஓடுகளையும் பளிங்கையும் பார்ப்பவர் அரண்மனைக் கூடம் என்றே நினைப்பார். ஆயினும் பாலையும் வெண்ணெயையும் குளிர்ச்சியாகவும் தூய்மையாகவும் வைக்க அந்த ஓடுகளும் பளிங்கும் மிகப் பொருத்தமானவை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பகட்டை விட வலுவான காரணம் குத்தகை முறையில் இருக்கிறது. நிலமும் கட்டடமும் பிரபுவுடையவை, உழவும் கால்நடையும் குத்தகைக்காரருடையவை. நல்ல கட்டடம் இருந்தால்தான் கையில் முதலும் வேளாண் அறிவும் உள்ள குத்தகைக்காரர் வருவார், உயர்ந்த குத்தகையும் தருவார். நார்ஃபோக்கின் ஹோல்கம் பண்ணையை 1776 இல் பெற்ற தாமஸ் வில்லியம் கோக், 21 ஆண்டுக் குத்தகைகளை அளித்ததோடு, சாமுவேல் வயட் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு பண்ணை வீடுகளையும் பெரிய களஞ்சியத்தையும் எழுப்பினார். 1821 வரை அங்கே நடந்த ஆட்டுமயிர் கத்தரிப்புக் கூட்டங்களுக்கு வந்த வேளாளர்கள் புதிய முறைகளைக் கண்டு சென்றார்கள். அதே வயட் ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஷக்பரோவில் கட்டிய பண்ணையில் நீர்ச்சக்கரமே ஆலையை இயக்கியது.

அயல்நாட்டுத் தானியத்துக்கு வரி விதித்து உள்நாட்டு விலையைக் காத்துவந்த தானியச் சட்டங்கள் 1846 இல் நீக்கப்பட்ட பிறகு வேலைச்செலவைக் குறைப்பதே கட்டடத்தின் நோக்கமாயிற்று. 1850களில் உருவான கோல்ஷில் மாதிரிப் பண்ணையைச் சரிவில் அமைத்து, மேலே இறக்கிய தீவனம் ஒவ்வொரு படியாகக் கீழே கால்நடைகளை அடையும்படி திட்டமிட்டார்கள். சுமப்பதற்கு ஆள் வைக்காமல் நிலத்தின் சரிவையே வேலை வாங்கிய அந்தத் திட்டத்தில் உண்மையான அறிவு இருக்கிறது. 1870களில் தொடங்கிய வேளாண் மந்தம் இத்தகைய முதலீடுகளை நிறுத்திவிட்டது.

கேள்வி: பயன்படாத களஞ்சியத்தைக் குடியிருப்பாக மாற்றுவது சரியா?

பதில்: இடிந்து விழ விடுவதை விட மாற்றுவது மேல். ஆனால் களஞ்சியம் என்பது ஒரே வெளி. மாடித் தளங்களையும் தடுப்புச் சுவர்களையும் போட்டு, கூரை முழுக்கச் சாளரங்களைத் திறந்துவிட்டால், மிஞ்சுவது வெளிக்கூடு மட்டுமே. கூட்டமும் கண்காட்சியும் நடக்கும் கூடமாகவோ பட்டறையாகவோ ஆக்குவது அந்த வெளியைக் காக்கும். குடியிருப்புத்தான் என்றால் அறைகளைப் பக்கக் கொட்டகைகளுக்குள் அடக்கி, களத்தை அப்படியே விட்டு, பெரிய கதவுகளின் வாயையே கண்ணாடியிட்டு வெளிச்சத்துக்குப் பயன்படுத்தலாம்.

இங்கிலாந்தில் 2014 முதல் வேளாண் கட்டடங்களைச் சில நிபந்தனைகளுடன் முழுத் திட்ட அனுமதி இல்லாமலேயே குடியிருப்பாக்க வழி இருக்கிறது; வரலாற்றுச் சிறப்புக்காக அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கு அது பொருந்தாது. பண்ணை வீடு பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1 க்கு முன்பே இருந்துவரும் கொட்டகைகளையும் அந்தப் பாதுகாப்பு தழுவக்கூடும். களஞ்சிய ஆந்தையின் கூட்டைக் கலைப்பது 1981 ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம், வௌவால்களுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆகவே வேலை தொடங்கும் முன்பே உரிய ஆய்வு நடத்த வேண்டும். மரச்சட்டங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்ய யாரையும் விடாதீர்கள். எந்தச் சட்டம் எதனோடு பொருந்தும் என்று தச்சர்கள் உளியால் கீறிய ரோமன் எண்கள் இணைப்புகளின் அருகே இருக்கும். தானிய அறைச் சுவரில் மூட்டைக் கணக்குக் கோடுகளும் இருக்கலாம். மணல் வீசிச் சுத்தம் செய்யும் இயந்திரம் அவற்றை ஒரே நாளில் அழித்துவிடும்.